டீ பிளேனில் ஒரு ஜன்னல் சீட்டு

மணியம்மைக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பத்தைந்து வருஷத்தைக் குனிந்தபடியே கழித்தவள் அவள். நாற்று நடுவது, களை எடுப்பது, வேர்க்கடலை பிடுங்குவது என்று அவள் செய்த வேலை எல்லாமே பூமியைப் பார்த்துச் செய்கிற வேலை. அப்படிப்பட்டவளுக்கு ஆகாயத்தைப் பார்க்கிற பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவளுக்கே தெரியாது. தலைக்கு மேலே ஏரோப்ளேன் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கிற நாற்று முடியோடு நிமிர்ந்துவிடுவாள். அது கண்ணுக்கு மறைகிறவரை மறுபடி குனிய மாட்டாள்.

திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவள் ஊர். அங்கே எந்தக் கழனியில் நின்றாலும் திருத்தணி மலை தெரியும். அதனால் ஊரில் யாரும் கிழக்கு மேற்கு என்று சொல்வதில்லை. "மலைப் பக்கம் போ", "மலைக்கு எதிர்ப்பக்கம் திரும்பு" என்றுதான் வழி சொல்வார்கள். ஆட்டுக்குட்டி தொலைந்தால்கூட "மலைப் பக்கமாத்தான் ஓடிச்சு" என்று தேடப் புறப்படுவார்கள்.

மணியம்மை சேர்ந்து வேலை செய்கிற கூட்டத்தில் அவளையும் சேர்த்துப் பதினான்கு பெண்கள். யார் கழனியில் என்றைக்கு நடவு என்று பேசி முடிக்கிறவள் சுலோச்சனா. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர்கள் பங்கு நடவையும் தானே நட்டுவிட்டு, அதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

இந்தப் பதினான்கு பேரும் கடிகாரம் கட்டுவதில்லை. சேற்றில் இறங்குகிற கைக்குக் கடிகாரம் எதற்கு? காலையில் மெட்ராஸ் பக்கத்திலிருந்து ஒரு பிளேன் கிளம்பி வந்து, ஏரிக்கு அந்தாண்டை ஏறி, நகரிப் பக்கமாகப் போய் மறையும். அது போகிற நேரத்துக்குத்தான் கழனிக்காரர் வீட்டிலிருந்து டீ கேன் வந்து சேரும். அதனால் அதற்கு டீ பிளேன் என்று பெயர் வைத்திருந்தார்கள். மத்தியானம் அதே வழியில் எதிர்த்திசையாக இறங்கி வருகிற இன்னொன்று, வேலை விடுகிற பிளேன். டீ தாமதமானால் சுலோச்சனா வரப்பில் ஏறி நின்று, "டீ பிளேனே போயிடுச்சு, டீ எங்கய்யா?" என்று சத்தம் போடுவாள்.

"யக்கா," என்று ஒருநாள் கேட்டாள் மணியம்மை. "நம்ப கண்ணுக்கு அது தெரியுதே, அதுல குந்தினு இருக்கறவங்க கண்ணுக்கு நம்ப தெரிவமா?"

"ஏன் தெரியாது? உன் மூக்குத்திகூட தெரியும். கீழ பாத்து நடு."

"ஆளு தெரிய வேணாம்கா. இந்த ஏரி? இந்தக் கழனி?"

"அம்மாம் ஒசரத்துல இன்னா தெரியும்? ஒரு எழவும் தெரியாது."

மணியம்மை விடுகிற ஆளில்லை. பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டுவைத்தாள். புருஷன் கங்காதரன், "அதைத் தெரிஞ்சுகினு நீ இன்னா பண்ணப் போற?" என்று திருப்பிக் கேட்டான். துபாய்க்குப் போய்வந்த ராஜேஷ்தான் ஊரில் பிளேன் ஏறிய ஒரே ஆள். அவன் வந்த மறுநாளே அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். "ஏறின உடனே தூங்கிட்டேன் அத்த," என்றான் அவன். அவ்வளவு தூரம் ஆகாயத்தில் போய்விட்டுத் தூங்கினேன் என்று சொல்கிற ஒருவனை என்ன செய்வது? இரண்டு நாள் அவனோடு பேசக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரே மகள் ஷாலினி மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் அவள் போன் பண்ணினாள். புது வீடு மாறியிருக்கிறாளாம், அம்மா வந்து மூன்று வாரம் இருக்க வேண்டுமாம்.

"டிரெயின்ல ஒரு நாள் முழுக்க உட்காராதம்மா. பிளேன்ல வந்துடு. நான் டிக்கெட் போடறேன்."

"நீ போடாத," என்றாள் மணியம்மை. "பணம் மட்டும் அனுப்பு. டிக்கெட்டு நான் பாத்துப் போட்டுக்கறேன்."

திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவன் பூபாலன். ஆதாரில் பெயர் திருத்துவது, பட்டாவுக்கு எழுதிப் போடுவது, ரயில் டிக்கெட், பிளேன் டிக்கெட் எல்லாம் அந்த வட்டாரத்துக்கு அவன்தான். மணியம்மை அவனிடம் போய், காலையில் டீ வருகிற நேரத்துக்கு எங்கள் ஏரிக்கு மேலே போகிற பிளேன் எது என்று கேட்டாள். அவன் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்பது பத்துக்குக் கிளம்புகிற மும்பை பிளேனாகத்தான் இருக்கும் என்றான். மணியம்மைக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும்போல இருந்தது. இத்தனை வருஷமாக அண்ணாந்து பார்த்த பிளேன், மகள் இருக்கிற ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்ததா!

பூபாலன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். வரிசைக்கு ஆறு கட்டம். நடுவில் நடக்கிற வழி, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.

"ஜன்னலு வேணும் நைனா. மலைப் பக்கம் போடு."

"பிளேன்ல மலைப் பக்கம்னு இல்லக்கா. லெஃப்டு கீது, ரைட்டு கீது. எது வேணும்?"

மணியம்மை இரண்டு பக்கக் கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தப்பாகச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், மறுபடி ஒரு தரம் ஏறப் போகிறோமா என்ன? "நாளைக்கு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் தந்துடாத," என்றாள். பிளேன் என்னமோ தன்னுடையது என்பதுபோல அவள் பேசியதைக் கேட்டுப் பூபாலனுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் ஆதிகேசவன் கழனியில் நடவு. பதினான்கு பேரும் ஒரே வரிசையில் குனிந்து, ஊன்றி, ஓரடி பின்னால் எடுத்து வைத்து, மறுபடி ஊன்றி என்று போய்க்கொண்டிருந்தார்கள். மணியம்மை தன் குழப்பத்தைச் சொன்னாள்.

"இதுக்குப் போயி ஒரு நாளு யோசன பண்ணியா?" என்றாள் சுலோச்சனா. "இப்ப நம்ப வரிசை எந்தப் பக்கமா போய்கினு இருக்குது?"

"நகரிப் பக்கமா."

"டீ பிளேனு எந்தப் பக்கம் போவுது?"

"அதுவும் நகரிப் பக்கந்தான்."

"அப்போ நம்பதான் பிளேனு. பதினாலு சீட்டு. மலை எந்தக் கையில கீது, பாரு."

பதினான்கு பேரும் சேற்றுக் கையைத் தூக்கினார்கள். "சோத்துக் கை!"

"முடிஞ்சுது. சோத்துக்கைப் பக்கம் போடச் சொல்லு. பிளேனு வுடறவனைக் கேட்டாலும் இதான் சொல்லுவான்."

எல்லோரும் ஓரடி பின்னால் வைத்து, அடுத்த நாற்றை ஊன்றினார்கள்.

அன்று சாயங்காலமே மணியம்மை பூபாலன் முன்னால் போய் உட்கார்ந்து, "ரைட்டு," என்றாள். அவனுக்கு அதில் மனசில்லை. காலை வெயில் அந்தப் பக்கம்தான் முகத்தில் அடிக்கும், கண் கூசும், வெளியே ஒன்றும் தெரியாது, பேசாமல் லெஃப்டில் உட்காருங்கள் என்று சொல்லிப் பார்த்தான்.

"வெயிலுக்குப் பயந்தவளா நானு? பதினாலு பேரு கையை நீட்டிப் பாத்துச் சொன்னது. நீ போடு."

"சரி, ரெக்கை மேல வேணாம். நடுவுல உட்காந்தா கீழ இருக்கறதெல்லாம் ரெக்கை மறைச்சுக்கும். பின்னால தள்ளிப் போடறேன்." இருபத்து நாலாவது வரிசையில் ரைட்டு ஜன்னல் கிடைத்தது. "வரதுக்கு?"

மணியம்மை உஷாராக இருந்தாள். "வரப்ப திரும்பிகினு இல்ல வருது? லெஃப்டு கைப் பக்கம் போடு."

"அந்தப் பக்கம் ஜன்னல் எல்லாம் போயிடுச்சுக்கா. ரைட்லதான் ஒண்ணு கீது."

"சரி, போடு. போறப்ப பாத்துட்டா போதாதா?"

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சுலோச்சனா ஒரு காரியம் சொன்னாள். ஒரு எழவும் தெரியாது என்று வாதாடிக்கொண்டிருந்த அதே சுலோச்சனா. ஆடிக் கிருத்திகைக்கு விரதமிருந்து மலை ஏறிய மஞ்சள் புடவை ஆளுக்கு ஒன்று துவைத்து மடித்து வீட்டில் கிடக்கிறது. ஏரியில் தண்ணீர் இல்லை, நடுவில் காய்ந்த தரை அகலமாகக் கிடக்கிறது. டீ பிளேன் போகிற நேரத்துக்கு அத்தனை புடவையையும் அங்கே பக்கம் பக்கமாக விரித்து வைத்தால்?

"தெரிஞ்சா தெரிஞ்சுதுனு சொல்லு. தெரியலனா தெரியலனு சொல்லு," என்றாள் சுலோச்சனா. "எங்கள்ல யாரும் அதுல ஏறப் போறதில்ல. எங்க பதிமூணு பேருக்கும் உன் கண்ணுதான்."

மணியம்மை தன் மஞ்சள் புடவையையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

விமான நிலையத்தில் கங்காதரன் வாசல்வரைதான் வர முடிந்தது. "பத்திரம்," என்றான். நான்கு தரம் சொன்னான். உள்ளே யாரையோ பிடித்து, கேட்டுக் கேட்டு, மணியம்மை இருபத்து நாலாவது வரிசைக்கு வந்து சேர்ந்தாள். ஜன்னல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டாள். வயிற்றை ஒரு தூக்குத் தூக்கிவிட்டுப் பிளேன் ஏறியபோது பக்கத்தில் இருந்த இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவளுக்கு அந்த எண்ணமே வரவில்லை. வீடுகள் பெட்டி பெட்டியாகச் சுருங்கின. ரோட்டில் பஸ் ஊர்ந்தது. பஸ் தெரிகிறது! அப்படியானால் புடவையும் தெரியும்.

பூபாலன் சொன்னது சரி. பிளேன் திரும்பியதும் வெயில் நேராக முகத்தில் அடித்தது. கையை நெற்றிக்குக் குடை பிடித்தபடி பார்த்தாள். தூரத்தில் கடல் பளபளத்தது. ஒரு பெரிய ஏரி வந்தது, அது அவள் ஏரி இல்லை. இன்னொன்று வந்தது, அதுவும் இல்லை. பிறகு பேர் தெரியாத மொட்டைக் குன்றுகள். மலையைக் காணோம். வரும், வரும் என்று இருந்தாள். கழுத்து வலித்தது.

அந்த நேரத்தில் என்னமோ தோன்றித் திரும்பினாள். நடக்கிற வழிக்கு அந்தப் பக்கம், எதிர் ஜன்னலில், நெற்றி நிறைய விபூதி பூசிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் வெளியே பார்த்தபடி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடு அசைந்தது. இரண்டு கையாலும் கன்னத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் போகும்போதும் ரயிலில் போகும்போதும் திருத்தணி மலை தெரிந்த மாத்திரத்தில் அவள் ஊரார் அத்தனை பேரும் செய்கிற காரியம் அது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மலை அந்தப் பக்கம் இருக்கிறது.

மணியம்மை எழுந்தாள். இடுப்பில் இருந்த பெல்ட் அவளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தது. அதை எப்படியோ பிய்த்துக்கொண்டு மறுபடி எழுந்தபோது ஏர் ஹோஸ்டஸ் பெண் ஓடி வந்தாள். "அம்மா, உக்காருங்க, பெல்ட் லைட் இன்னும் எரியுது பாருங்க."

"ஐயா!" என்று அந்தப் பெண்ணின் தலைக்கு மேலாகக் கத்தினாள் மணியம்மை. "ஐயா, கீழ ஏரியில மஞ்சளா ஏதாவது தெரியுதா?"

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "மஞ்சளா? இன்னாது?"

"பொடவை! மஞ்சப் பொடவை!"

அவர் மறுபடி ஜன்னலில் குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "தாண்டிப் போயிடுச்சேம்மா," என்றார் வருத்தமாக. "நான் மலையைத்தான் பாத்துகினு இருந்தேன்."

மும்பை வருகிறவரை மணியம்மை வெளியே பார்க்கவில்லை. ஆறும் மலையும் போயிருக்கும், மேகம் போயிருக்கும், எதுவும் வேண்டியிருக்கவில்லை. பதினான்கு பேர் கையை நீட்டிப் பார்த்தது எப்படித் தப்பாகும்? பிளேன் வழி மாறிப் போனதா? கீழே ஏரிக்குள் பதிமூன்று பேரும் வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்களே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது.

இறங்கி ஷாலினியைக் கட்டிக்கொண்ட அடுத்த நிமிஷம் போன் அடித்தது. சுலோச்சனா. பின்னால் பன்னிரண்டு குரல்.

"ஏ மணி! தெரிஞ்சுதா?"

தெரியலக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பின்னால் யாரோ, "நாங்க கையெல்லாம் ஆட்டனோம்னு சொல்லுக்கா," என்று கத்தியது காதில் விழுந்துவிட்டது.

"ஆங்," என்றாள் மணியம்மை. "தெரிஞ்சுதுக்கா. நல்லா தெரிஞ்சுது. மஞ்சளா, சின்னதா."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். பதிமூன்று பேருக்கும் பண்டிகைதான். அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்படி ஒரு பொய்யை அவள் அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. தெரிகிறதா இல்லையா என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள், தெரியாமலேயே தெரிகிறது என்று சொல்லிவிட்டாள்.

ஷாலினியின் வீடு பதினோராவது மாடியில். மகள் வேலைக்குப் போனதும் மணியம்மை ஜன்னலில் நின்று கீழே போகிறவர்களைப் பார்ப்பாள். இவ்வளவு உயரத்துக்கே ஆள் கட்டைவிரல் அளவுதான். மூன்றாம் நாள் காலை, ஈரத்துணியை வைத்துக்கொண்டு கூடத்தைத் துடைத்தாள். குந்தி உட்கார்ந்து, துடைத்த இடத்தை மிதிக்காமல் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து போனாள். வலது கைப் பக்கம் டிவி இருந்தது. கதவுக்கு வந்ததும் எழுந்து, வெளியே போகத் திரும்பினாள். டிவி இடது கைப் பக்கம் இருந்தது.

துணியை அப்படியே கீழே போட்டாள். மறுபடி குந்தி உட்கார்ந்து பார்த்தாள். மறுபடி எழுந்து திரும்பிப் பார்த்தாள். எந்தப் பிளேனாவது பின்னால் நடந்து போகுமா? நடவு நடுகிறவர்கள்தான் போவார்கள்! பதினான்கு பேரும் மெட்ராஸைப் பார்த்துக்கொண்டே நகரிப் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். தனியாக, அந்த வீட்டு நடுவில் நின்று, மணியம்மை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் பொய் ஞாபகம் வந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நான்கைந்து தரம் சுலோச்சனாவுக்குப் போன் பண்ணினாள். ஒவ்வொரு தரமும் மழை, நாற்று, கங்காதரன் சோறு ஆக்குகிற லட்சணம் என்று பேச்சு எங்கெங்கோ போய்விடும். ஒருமுறை மட்டும் சுலோச்சனா, "ஆமா, நீ எந்தப் பக்கம் குந்திகினு போன?" என்று கேட்டாள்.

"நீங்க சொன்ன சோத்துக்கைப் பக்கந்தான்."

"ஓகோ," என்றாள் சுலோச்சனா. என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள்.

திரும்பி வருகிற நாளில் மணியம்மை பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள். லெஃப்டு ஜன்னல் கிடைக்காமல் போட்டுக்கொண்ட ரைட்டு சீட்டு, இப்போதுதான் சரியான சீட்டு என்று அவளுக்குத் தெரியும். புடவை இருக்காது, இருந்தால்தானே ஆச்சரியம். ஏரி தெரிந்தால் போதும். வெறும் ஏரியையாவது பார்த்துவிட்டால், சொன்ன பொய்யில் பாதி தேறும் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

பிளேன் இறங்கத் தொடங்கிக் காது அடைத்தது. கீழே மேகம் கிழிந்து கிழிந்து போயிற்று. நகரி மலை முதலில் வந்தது. மூக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கிற அதன் பாறையைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ரயில் பாதை, கோடு கிழித்த மாதிரி. அந்தக் கோட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மலை, உச்சியில் வெள்ளையாக ஒரு பொட்டு. எத்தனை தரம் படியேறியிருக்கிறாள், எத்தனை தரம் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறாள்! இவ்வளவுதானா அது? கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மலையிலிருந்து பெரிய ரோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு வந்தாள். ரோட்டிலிருந்து உள்ளே போகிற வண்டிப்பாதை, பனைமரக் கூட்டம் ஒரு கறுப்புத் தீற்றல், பச்சைச் சதுரங்கள். அவற்றில் ஏதோ ஒன்று அவர்கள் நட்டது. அப்புறம் ஏரி, பழுப்பு நிறத்தில், கரை வளைந்து.

ஏரிக்கு நடுவில் மஞ்சள்.

கல்லில் மஞ்சள் கிழங்கை ஒரு இழுப்பு இழுத்த மாதிரி, அவ்வளவு சின்னது. ஆனால் மஞ்சள்தான், சந்தேகமே இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மஞ்சளுக்கு நடுவில் குங்குமம் வைத்தாற்போல ஒரு சிவப்புப் புள்ளியும் இருந்தது. பிளேன் சாய்ந்தது, எல்லாம் ஒரு ஓரமாக நகர்ந்து போயிற்று.

அவளுக்கு முதலில் சந்தோஷம் வந்தது, அடுத்த நொடியே வெட்கம் வந்து அதைப் பிடித்துக்கொண்டது. ஒருமுறை பார்த்துவிட்டேன் என்றுதான் சொன்னேனே, இரண்டாம் தரம் ஏன் விரிக்க வேண்டும்? தெரிந்துபோய்விட்டது அவர்களுக்கு. எப்படியோ தெரிந்துபோய்விட்டது, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மணியம்மை சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் இறங்கியது. பக்கத்து சீட்டுக்காரப் பெண் பதறிப்போய் என்னம்மா என்று கேட்டாள். "எங்க ஊரு," என்றாள் மணியம்மை.

மறுநாள் ஆதிகேசவன் கழனியில் களை எடுப்பு. நட்ட நாற்று முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. மும்பையில் கொடுத்தனுப்பிய அல்வாவைப் பிட்டுப் பிட்டு எல்லோர் வாயிலும் போட்டாள் மணியம்மை. வரிசையில் இறங்கினார்கள். மும்பையில் மழையா, மகள் வீடு எப்படி என்று எல்லாம் கேட்டார்கள். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் போனதும் மணியம்மையால் தாங்க முடியவில்லை.

"யக்கா, அன்னிக்கு நான் பொய் சொல்ட்டேன்."

"தெரியும்," என்றாள் சுலோச்சனா, களையைப் பிடுங்கி வரப்பில் எறிந்தபடி.

"எப்படி?"

"நீ மும்பையில எறங்கி போன்ல சொன்னதும், குதிச்சுகினு வந்து நடவுக்கு எறங்கனோம். உன் கதையையே பேசிகினு பின்னால போனவ, வரப்பு வந்ததைப் பாக்கல. தடுக்கி அந்தாண்ட கழனியில மல்லாக்க உழுந்தேன். உழுந்து கெடக்கும்போதுதான் தோணிச்சு. முன்னால போறவ எவளாவது இப்படி உழுவாளா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் விழுந்த அழகைப் பக்கத்தில் நின்றவள் நடித்துக் காட்டினாள்.

"அப்பவே என்னைக் கேட்டு இருக்கலாமேக்கா."

"கேட்டா அழுவே. இல்லனா அதுக்கும் ஒரு பொய் சொல்லுவே. நமக்கு வேண்டியது அதுவா? பூபாலன்கிட்ட போயி நீ வர நேரத்தைக் கேட்டுகினு வந்தோம்." சுலோச்சனா முதல் தடவையாகக் கையை நிறுத்தினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்ப சொல்லு. நெசமா. தெரிஞ்சுதா?"

பதிமூன்று பேரும் நிமிர்ந்துவிட்டார்கள். களை பிடுங்கிய கை அப்படியே நின்றது.

"தெரிஞ்சுதுக்கா," என்றாள் மணியம்மை. "நடுவுல செவப்பா ஒண்ணு இருந்துது."

யாரும் அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் கட்டளையிட்டிருந்தவளே சுலோச்சனாதான். தன் கல்யாணத்துச் சிவப்புப் புடவையைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துவந்து, மஞ்சளுக்கு நடுவே தன் கையால் விரித்திருந்தாள்.

"அது என்னுது," என்றாள் சுலோச்சனா. சொல்லும்போது அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

அப்போது மெட்ராஸ் பக்கத்தில் சத்தம் கேட்டது. ஏரிக்கு அந்தாண்டை டீ பிளேன் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக அதன் சத்தத்தை வைத்து டீக்குச் சண்டை போட்டிருக்கிறாளே தவிர, சுலோச்சனா அதை நின்று பார்த்ததில்லை. இன்று சேற்றுக் கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டு, அது நகரிப் பக்கம் போய்ப் புள்ளியாகி மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். டீ கேன் வந்து வரப்பில் வைத்ததை அவள் கவனிக்கவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை.